பெயர் வெட்டிய தட்டங்கள்

2008 பெப்ரவரி 12, செவ்வாய்

தட்டங்கள் வந்துவிட்டன. சாஹுல் ஹமீது நானா தன் பாத்திரக் கடையிலிருந்து தானே முச்சக்கர வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். வருகிற ஞாயிறு மாமியின் முப்பத்தோராம் நாள். அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட்டு, போகும்போது கையில் ஒரு பாத்திரமும் கொடுத்தனுப்புவது எங்கள் ஆட்களின் வழக்கம். பாத்திரத்தில் செத்தவரின் பெயர் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் பாத்திரம்.

இந்த முறை மாமியின் பெயரோடு நிற்கவில்லை. மாமியின் மகன், என் மச்சான் குகதாசன், சூரிச்சிலிருந்து தொலைபேசி எடுத்து எடுத்து ஆக்கினை. அங்கே அவன் ‘வடலியூர் மக்கள் ஒன்றியம்’ என்று எங்கள் ஊர்ச்சங்கம் ஒன்றுக்குப் பொருளாளர். அங்கத்தவரின் தாய் தகப்பன் செத்தால் சங்கம் செத்தவீட்டுச் செலவுக்குப் பணம் அனுப்பும். மாமிக்கும் அனுப்பியது. “சங்கத்தின்ரை பேரையும் வெட்டுங்கோ அத்தான். பேர் வராட்டி நாளைக்கு ஆக்கள் என்னைத்தான் கேப்பினம்” என்றான். “தட்டம் சின்னன், மச்சான்” என்றேன். “அப்ப சின்ன எழுத்திலை வெட்டுங்கோவன்.”

எழுத்துச் சின்னதாகவும் இல்லை. மாமி, அமரர் இராசமணி, ஒல்லியாக ஓர் ஓரத்தில் இருக்கிறார். நடுவிலே ஒன்றியம் கொழுத்துப்போய்க் கிடக்கிறது.

பெப்ரவரி 17, ஞாயிறு

விடிய ஆற்றங்கரையில் கிரியை. மகாவலி கலங்கலாக ஓடியது. மத்தியானம் வீடு நிறைய ஆட்கள்: பேராதனையிலிருந்து என் நூலகத்துச் சிநேகிதர்கள், கோயில் ஆட்கள், கட்டுகஸ்தோட்டைக் கடைக்காரர்கள். மாமியின் கடைசி மாதங்களில் அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டிப் பார்த்த, மஹய்யாவைப் பக்கத்துச் சுந்தரியும் வந்தாள். தட்டத்தை வாங்கி, பெயரை விரலால் தடவி, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் ஒருத்திதான் அழுதாள். சிவமணி அழவில்லை. என் மனைவிக்கு அழ நேரம் வேண்டும், விருந்தாளிகள் போனபிறகுதான் அவளுக்கு நேரம் வரும்.

மார்ச் 9

பிறஷர் கூடியிருக்கிறதாம். குளிசையை இரண்டாக்கிவிட்டார் டொக்டர். எதற்குப் பயப்படுகிறீர் என்று கேட்டார். கண்டியில் இருக்கிற தமிழனைப் பார்த்து இப்படியும் ஒரு கேள்வி.

ஏப்ரல் 23, புதன்

வங்கிக்குப் போனேன். மாமியின் செலவுக்குப் பணம் வந்த கணக்கை மறித்துவிட்டார்களாம். கவுண்டரில் இருந்த பிள்ளை கணினியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, எழும்பி உள்ளே போனது. மனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். “வெளிநாட்டு அரசாங்கம் ஒன்று விபரம் கேட்டிருக்கிறது, மிஸ்டர் விவேகானந்தன். கொழும்பிலிருந்து உத்தரவு. எனக்கு இதற்கு மேல் சொல்ல அனுமதி இல்லை.” தேத்தண்ணி தந்தார். குடிக்காமல் எழும்பி வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் சிவமணி தொலைபேசியைப் பிடித்தபடி நிற்கிறாள். மறுமுனையில் குகதாசனின் மனைவி வதனி. விடிய பொலிஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டதாம். ஒன்றியம் இயக்கத்துக்குக் காசு சேர்த்துக் கொடுத்ததென்று வழக்கு. சங்கத்தின் கணக்கிலிருந்து வெளியே போன ஒவ்வொரு பணத்துக்கும் கேள்வி. அதில் ஒன்று கண்டிக்கு.

ஏப்ரல் 24

ஒன்றியம் கொடுத்ததா, இல்லையா? குகதாசன் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதில் நான் கெட்டிக்காரன். ஆனால் மாமிக்கு வந்தது மாமிக்குத்தான் போனது. சோறு, பூசணிக்காய், ஐயருக்குத் தட்சணை, தட்டங்கள்.

தட்டங்கள்.

கடவுளே, தட்டங்கள்! கண்டி முழுக்க எத்தனை குசினியில் அந்தப் பெயர் கவிழ்ந்து கிடக்கிறது? வீடு சோதிக்க வருகிற ஒரு பொலிஸ்காரன் அதைத் தூக்கிப் பார்த்து, ‘இது யார் தந்தது’ என்று கேட்டால்? எல்லோரும் ஒரே பெயரைத்தானே சொல்லுவார்கள். காசு கொடுத்து, மெஷின் வைத்து, எவர்சில்வரில் வெட்டி, நானே வீடு வீடாக அனுப்பியிருக்கிறேன். இந்த உலகத்தில் வேறு எந்தச் சனம் இப்படி ஒரு காரியம் செய்யும்?

இந்தக் கொப்பியை இனி வீட்டில் வைக்கப்போவதில்லை. நூலகத்தில் பழைய கால்நடை அறிக்கைகளுக்குப் பின்னால் வைக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவற்றை ஒருவரும் கேட்டு வந்ததில்லை. எழுதவேண்டிய நாளில் மட்டும் சேட்டுக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவருவேன்.

மே 4, ஞாயிறு

திருப்பி வாங்கத் தொடங்கிவிட்டேன். ‘மாமியின் பிறந்த ஆண்டு பிழையாக வெட்டுப்பட்டுவிட்டது, திருத்தித் தருகிறோம்’ என்று சாட்டுச் சொல்கிறேன். சிவமணிக்கு இது பிடிக்கவில்லை.

“குடுத்த பொருளைத் திருப்பிக் கேக்கிறதோ? அதுவும் அந்தியேட்டித் தட்டத்தை? உங்களுக்கு விசரே?”

“பிடிச்சுக்கொண்டு போனா ஆர் வருவினம்?”

“இன்னும் ஒருத்தரும் வரேல்லை. நீங்கள்தான் இப்ப வீடு வீடாப் போய்ச் சொல்லிக் குடுக்கிறியள்.”

அவள் சொல்வது சரிதான். ஆனாலும் கால் நிற்கவில்லை. போனேன்.

மே 11, ஞாயிறு

சிலர் சந்தேகமாகப் பார்த்தார்கள். சிலர் பிறந்த ஆண்டு எது சரி என்று கேட்டுக் குழப்பினார்கள். ஓய்வுபெற்ற எஞ்சினியர் இராஜரத்தினம் வாசலுக்கே வந்தார். நான் வாயைத் திறக்கமுதல் பத்திரிகையில் சுற்றிய பொதி ஒன்றை நீட்டினார். அரிசி மூட்டைக்கு அடியில் வைத்திருந்தாராம், பொதியில் அரிசி ஒட்டியிருந்தது.

“நீர் எப்ப வருவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்” என்றார். “கெதியாக் கொண்டு போம். கேற்றைச் சாத்திவிட்டுப் போம்.”

ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. எனக்கு மட்டும்தான் பயம் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இவர் வீட்டில் என் தட்டம் எத்தனை நாள் நித்திரையைக் கெடுத்ததோ!

மே 18

மஹய்யாவையில் சுந்தரி தரமாட்டேன் என்றுவிட்டாள்.

“பெரியம்மா பேரு போட்ட தட்டுங்க ஐயா. அதுலதான் பூ வச்சி வெளக்கு ஏத்துறேன். அதப் போயி திருப்பிக் கேக்குறீங்களே, நல்லாவா இருக்கு?”

பிறந்த ஆண்டுக் கதையைச் சொன்னேன். “எனக்கு வருசமெல்லாம் படிக்கத் தெரியாதுங்க. பேரு சரியாத்தானே இருக்கு?” என்றாள். சாமிப் படத்துக்கு முன்னால் அது பளபளவென்று இருந்தது. ஒன்றியத்தின் பெயருக்கு மேல் செவ்வரத்தம்பூ. இவளுக்கு உண்மையைச் சொன்னால் பயந்து தந்துவிடுவாள். ஆனால் உண்மையைச் சொல்ல எனக்குப் பயம். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

யூன் 6, வெள்ளி

பொல்கொல்லையில் பஸ்ஸுக்குள் குண்டு. அதில் போன ஆட்கள் செத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். நூலகத்தில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. கோபத்தில் இல்லை, என்ன கதைப்பதென்று தெரியாமல். எனக்கும் தெரியவில்லை. அந்த பஸ்ஸில் நானும் போயிருக்கிறேன்.

ஒரு நினைப்பு வந்தது, எழுதவே கை கூசுகிறது. ஒன்றியத்தின் காசில் ஒரு சதமேனும் எங்கோ சுற்றி, எவர் கைக்கோ மாறி, இந்த பஸ்ஸுக்குள் ஏறியிருந்தால்? சூரிச்சில் அவனிடம் கேட்கிறவர்கள் இதைத்தானே கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதானே. அதற்காக ஒரு கிழவியின் அந்தியேட்டியுமா?

யூன் 7

வீடு வீடாகச் சோதனை. எங்கள் ஒழுங்கைக்கு நாளைக்கு வருவார்கள் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். முன்பு அந்தத் தட்டங்கள் கண்டி முழுக்கச் சிதறிக் கிடந்தன. இப்போது சுந்தரியினதைத் தவிர எல்லாம் ஓர் இடத்தில், என் கட்டிலுக்குக் கீழே. நான் அவ்வளவு பாடுபட்டுச் செய்த வேலை இது! எண்பத்து மூன்றுக் கலவரத்தில் ஒரு களஞ்சிய அறைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தபோதுகூட என்னைத் தேடி வருகிறவர்களுக்கு நானே அத்தாட்சி சேர்த்து வைத்திருக்கவில்லை.

சாக்கில் கட்டி முச்சக்கர வண்டியில் சாஹுல் ஹமீது நானாவிடம் கொண்டுபோனேன். சாக்கை அவிழ்த்தவுடன் முகம் மாறிவிட்டது. கடைக் கதவைப் பாதிக்கு இழுத்தார்.

“இத கடையில வெக்க ஏலா சேர். வெட்டினது என்ட மெஷின். என்னையும் கேப்பாங்க.”

“எழுத்தை அழிக்கலாமா?”

“அரச்சி எடுக்கலாம். எழுத்து போகும். ஆனா தடம் நிக்கும், வெளிச்சத்துல புடிச்சா வெளங்கும்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒக்காருங்க, இப்பவே செஞ்சி தாறன்” என்றார்.

மெஷின் சத்தத்தில் பல் கூசியது. ஒன்றியத்தின் பெயரை மட்டும் அரைக்க முடியாது, தட்டம் வளைந்துவிடும் என்றார். மாமியின் பெயரும் போயிற்று. தட்டங்களை அவரே விலைக்கு எடுத்துக்கொண்டார். நான் வெறுங்கையோடு நடந்து வந்தேன். இவ்வளவு இலேசாக நான் நடந்து பல மாதம்.

சிவமணிக்குத் தட்டங்களை இராஜரத்தினம் வீட்டில் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

யூலை 15, செவ்வாய்

பொலிஸில் கூப்பிட்டுவிட்டார்கள்.

கொழும்பிலிருந்து வந்த அதிகாரி. மரியாதையான மனிதர், சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். ஒரு நாடு கேட்டால் மற்ற நாடு விசாரித்துப் பதில் அனுப்பவேண்டும், உடன்படிக்கை அப்படி, உலகம் முழுக்க இப்போது பணத்தை இப்படித்தான் பின்தொடர்கிறார்கள் என்று எனக்குப் பாடம் மாதிரி விளக்கினார். என் மச்சானும் நானும் கதைத்துக்கொள்வதைவிட இரண்டு அரசாங்கங்களும் நன்றாகக் கதைத்துக்கொள்கின்றன.

“உங்கள் மைத்துனர் அந்தப் பணம் சங்கத்தின் மரணச் சகாய நிதி என்கிறார். தாயின் கிரியைக்குச் செலவானதாம். சங்கத்தின் பெயர் வெட்டிய தட்டங்கள் விருந்தாளிகளுக்குக் கொடுக்கப்பட்டனவாம். உண்மையா?”

ஓம் என்று ஒரு சொல். அவனுக்கு அது போதும். ஆனால் அந்தச் சங்கத்தின் பெயர் இங்கேயும் இப்போது தடை. ஓம் என்றால் அந்தப் பெயரை வெட்டி ஊருக்குப் பரப்பியவன் நான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மேசையில் பச்சை விரிப்பு, அதில் ஒரு மைக்கறை. அந்தக் கறையைப் பார்த்தபடி சொன்னேன்: சங்கம் ஒன்றும் எனக்குத் தெரியாது. அவர் தன் பணத்தை அனுப்புகிறார் என்றுதான் நினைத்தேன். தட்டம் எதுவும் கொடுக்கவில்லை.

அதிகாரி ஒரு கணம் என்னைப் பார்த்தார். “நிச்சயமாக?”

“நிச்சயமாக.”

கையொப்பம் வைத்தேன். வெளியே வந்து வாவியைச் சுற்றி நடந்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

யூலை 16

சிவமணி என்ன கேட்டார்கள் என்றாள். சும்மா, வங்கிக் கணக்கைப் பற்றி என்றேன்.

ஓகஸ்ட் 20, புதன்

வதனி எடுத்தாள். நான் நூலகத்தில் இருந்தேன், சிவமணிதான் கதைத்திருக்கிறாள். வந்து செருப்பைக் கழற்றவும் விடவில்லை.

“இலங்கையிலை இருந்து பதில் போயிருக்காம். சங்கமெண்டு ஒண்டும் தெரியாது, தட்டமெண்டு ஒண்டும் குடுக்கேல்லையெண்டு நீங்கள் சொல்லியிருக்கிறியளாம். அதாலை தம்பி பொய் சொல்லுறானாம். செத்தவீட்டைச் சாட்டி வேறை எங்கையோ அனுப்பினவனாம். லோயர் கையை விரிச்சிட்டாராம். வதனி அழுகிறாள். நீங்கள் அப்பிடிச் சொன்னனீங்களோ?”

செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தேன். என்னத்தைச் சொல்லுறது? பயந்துபோனன். பயத்திலை வாய் தானாப் பேசினது. அதைத்தானே சொல்லவேணும். அதையும் சொல்லேல்லை.

“இராஜரத்தினம் வீட்டிலை தட்டம் இருக்குத்தானே. ஒண்டைக் கொண்டு போய்க் காட்டுவம்.”

அப்போதுதான் அதையும் சொல்லவேண்டி வந்தது. கதிரையில் இருந்தாள். “அம்மாவின்ரை பேரையுமோ?” என்றாள். அவ்வளவுதான். கத்தினால் தாங்கியிருப்பேன்.

ஓகஸ்ட் 29

சிவமணி சமைக்கிறாள், பரிமாறுகிறாள், என் குளிசையை எடுத்து வைக்கிறாள். ஒரு சொல் இல்லை.

திரும்பிப் போய் வாக்குமூலத்தை மாற்றலாமா? மூன்று முறை சேட்டுப் போட்டு வாசல்வரை போனேன். மாற்றினால் முதலில் சொன்னது பொய் என்றாகும். பொய் சொன்னவன் ஏன் சொன்னான் என்று கேட்பார்கள். கேட்கிற இடம் பச்சை விரிப்புப் போட்ட மேசையாக இருக்காது.

செப்டெம்பர் 3, புதன்

எப்படி எழுதுவது?

காலை ஒன்பது மணிபோல சிவமணி சேலை மாற்றிக்கொண்டு கோயிலுக்கு என்று போனாள். பத்தரைக்குச் சுந்தரி நூலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். அந்தப் பெண் இதற்குமுன் எடுத்ததே இல்லை.

“ஐயா, அம்மா வந்து தட்டக் கேட்டாங்க. எதுக்குன்னு வெவரமா எல்லாம் சொன்னாங்க. தம்பிக்காகன்னாங்க. நா ஒடனே எடுத்துக் குடுத்துட்டேன். இப்ப பொலிசுக்குப் போறேன்னு போயிட்டாங்க. தனியாத்தான் போறாங்க. நீங்க போங்கையா!”

எனக்குச் சொல்லாத உண்மையைச் சிவமணி சுந்தரிக்குச் சொல்லியிருக்கிறாள். இல்லை, நான் சொல்லப் பயந்த உண்மையை.

பஸ் எடுத்தேன். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கினேன். அங்கிருந்து அந்த அலுவலகம் நடக்கிற தூரம். நடக்கவில்லை. பஸ் நிலையத்து வாங்கில் குந்தினேன். கொஞ்சம் மூச்சு எடுத்துவிட்டுப் போவோம் என்று இருந்தேன். பிறகு இந்த பஸ் போனபிறகு என்று. பிறகு அடுத்தது. பொழுது சாய்ந்து கடைகளில் லைற் போட்டபோதும் நான் அங்கேதான் இருந்தேன்.

செப்டெம்பர் 4, வியாழன்

சிவமணி வீட்டுக்கு வரவில்லை.

இன்றைக்குப் போனேன். இராஜரத்தினம் என்னோடு வந்தார். வரமாட்டார் என்றுதான் நினைத்துக் கேட்டேன். குடையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்.

அதே அதிகாரி. எழும்பி நின்றார், அது இன்னும் பயத்தைத் தந்தது. தடுத்து வைக்க மேலிடத்து உத்தரவு என்றார். தட்டத்தைப் படம் எடுத்து வாக்குமூலத்தோடு அந்த நாட்டுக்கு அனுப்புகிறார்களாம். அது ஒழுங்காகப் போய்ச் சேரும் என்று எனக்கு உறுதி சொன்னார்.

“உங்கள் மனைவி எல்லாவற்றையும் தானே செய்ததாகச் சொல்லியிருக்கிறார். தம்பியோடு கதைத்ததும் தானே, கடையில் பெயர் வெட்டக் கொடுத்ததும் தானே. கணவருக்கு ஒன்றும் தெரியாது, அவர் புத்தகங்களோடு இருக்கிற மனிதர் என்றார். நீங்கள் சொன்னதோடு அது பொருந்துகிறது.”

என் பொய் அங்கே பைலில் கிடந்தது. அவள் அதைப் பொய்யாக்காமல் அதைச் சுற்றித் தன் பொய்யைக் கட்டியிருக்கிறாள். நான் வாயைத் திறந்தேன். இராஜரத்தினம் என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் வாயை மூடினேன். அவர் பிடித்ததால் மூடினேனா, மூடுவதற்கு ஒருவர் பிடிக்கட்டும் என்று காத்திருந்தேனா?

செப்டெம்பர் 19

பார்க்க விட்டார்கள். நடுவில் கம்பி வலை. மெலிந்துவிட்டாள். முதலில் குளிசை போடுகிறேனா என்று கேட்டாள். இவ்வளவு நாளைக்குப் பிறகு அவள் என்னோடு கதைத்த முதல் சொல்.

“நான் உண்மையைச் சொல்லப்போறன், சிவமணி.”

“வாயைத் திறவாதேங்கோ. ரெண்டு பேரும் உள்ளை இருந்தா ஆர் சாப்பாடு கொண்டு வாறது?”

“நீ இருக்க வேண்டிய இடமில்லை இது.”

“உங்களாலை இருக்கேலாது. எனக்குத் தெரியும்.” குத்தலாகச் சொல்லவில்லை. எனக்குப் புளி கூடினால் ஒத்துவராது என்று சொல்கிற அதே குரல். “தம்பிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. தெரிஞ்சா அவன் அங்கை எல்லாத்தையும் மாத்திச் சொல்லிப்போடுவான்.”

நவம்பர் 2

சமையல் பழகுகிறேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. சுந்தரி வந்து வேறு சமைத்துத் தந்தாள்.

டிசெம்பர் 14

வழக்கறிஞர் சொல்கிறார், இன்னும் எத்தனை மாதம் என்று சொல்ல முடியாதாம். கேள்வி கேட்ட அரசாங்கத்துக்குப் பதில் போய்விட்டது. பதில் சொன்னவளை எப்போது விடுவது என்று எந்த அரசாங்கமும் கேட்கவில்லை.

2009 பெப்ரவரி 5

மாமியின் ஆண்டுத் திவசம். ஐயரும் நானும் சுந்தரியும் மட்டும்.

ஐயர் போய்ச் சற்று நேரத்தில் தொலைபேசி. குகதாசன்! பத்து மாதத்துக்குப் பிறகு அவன் குரல். அழுகிறான், சிரிக்கிறான்.

“விட்டிட்டாங்கள், அத்தான்! தட்டத்தின்ரை படமும் அக்கான்ரை வாக்குமூலமும் எம்பசியாலை வந்து சேந்தது. அந்தக் காசு அம்மான்ரை செத்தவீட்டுக்குத்தான் எண்டு நீதவான் ஏற்றுக்கொண்டிட்டார். அதோடை மற்றதிலும் நான் சொன்னதை நம்பினம். அக்கா இல்லாட்டி நான் இல்லை. அவவைக் கூப்பிடுங்கோ, ஒருக்காக் கதைக்கவேணும்.”

“கோயிலுக்குப் போயிட்டா.”

“இந்த நேரத்திலையோ?”

“திவசமெல்லே. பூசை இருக்கு.”

“வந்த உடனை எடுக்கச் சொல்லுங்கோ. எவ்வளவு நேரமெண்டாலும் பரவாயில்லை, நான் முழிச்சிருப்பன். சுகமா இருக்கிறாவோ?”

“ஓம். சுகமா இருக்கிறா.”

இந்த முறை நாக்கு ஒட்டவில்லை. வெகு இலேசாக வந்தது. வாசற்படியில் நின்ற சுந்தரி என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாளைக்குச் சிவமணிக்குக் கொண்டுபோகிற சோற்றுக்கு அரிசி களையப் போய்விட்டாள்.

அவன் விழித்திருப்பான். தொலைபேசி வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன்.